தைத்த கப்பல்

அன்புள்ள ஐயா,

சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் வரும் போர்க்கப்பலை மரத்தில் மாதிரியாகச் செய்ய முயன்றுகொண்டிருக்கிறேன். என் அப்பா அந்தத் தொடரை வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். போன ஆவணியில் அவர் தவறிவிட்டார். அலமாரியை ஒதுக்கியபோது அந்த பைண்டு கையில் தட்டுப்பட்டது. கதைநாயகன் கருணாகர தொண்டைமானின் கப்பலைச் செய்து அப்பாவின் படத்துக்குக் கீழே வைக்கவேண்டும் என்று தோன்றியது.

கதையை இரண்டு முறை படித்தும் கட்டுவதற்கு உதவும் நீள அகலங்களை என்னால் பிடிக்க முடியவில்லை. வரைபடமும் கிடையாது. அதனால் 1:100 அளவில் ஒரு ஸ்பானிய கல்லியன் கிட் வாங்கிவிட்டேன். முகப்பை வெட்டி எடுத்துவிட்டு, புறாவின் தலையைச் செதுக்கி ஒட்டுவதாகத் திட்டம். பக்கவாட்டில் பீரங்கித் துளைகள் இருக்கின்றன, வைத்துக்கொள்ளலாமா? பாயில் புலி வரைவது சரியா? அப்படிப்பட்ட கப்பல் எவ்வளவு நீளம் இருந்திருக்கும்? நாற்பத்துமூன்று வயதில் இது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று வீட்டில் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

வீட்டில் சொல்வதை விடுங்கள். அப்பாவுக்காக ஒரு பொருளைக் கையால் செய்கிறவர் யாரிடமும் உத்தரவு கேட்கவேண்டியதில்லை. புலியைப் பாயில் வரையுங்கள், கொடியில் வரையுங்கள், உங்கள் இஷ்டம். பீரங்கி கூடாது. கதை நடப்பது 11-ஆம் நூற்றாண்டு. அன்றைய கடற்சண்டை என்பது அம்பு, வேல், நெருப்பு, கடைசியில் கப்பலோடு கப்பலை அணைத்துத் தாவி ஏறி வெட்டுவது. துளைகளை அடைத்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கிட்டையே நீங்கள் தொடக்கூடாது என்பதால் அந்தப் பேச்சு தேவைப்படவில்லை.

கோபமாகத்தான் எழுதுகிறேன். கல்லியன் 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவான கப்பல். அதன் தலையை வெட்டிப் புறாவை ஒட்டினால் அது கருணாகரனின் கப்பல் ஆகிவிடுமா? உங்கள் அப்பா ஒவ்வொரு வாரமும் காத்திருந்து படித்தது அதையா? உங்கள் கிட் பெட்டியைத் திறந்து பாருங்கள். நடுவில் ஒரு முதுகெலும்பு, அதில் குறுக்கே வரிசையாகச் சட்டங்கள், அவற்றின்மேல் வளைத்து ஒட்டப் பலகைச் சீவல்கள். எலும்பு முதலில், தோல் பிறகு. நம் கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓடிய கப்பல்களில் பெரும்பகுதி இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்டவை. தோல் முதலில், எலும்பு பிறகு. ஏராக்கட்டையை, அதாவது கப்பலின் நடு அடிமரத்தை, போட்டு, அதன் இரு பக்கமும் பலகையோடு பலகையை விளிம்பு சேர்த்துக் கயிற்றால் தைத்துக்கொண்டே மேலே வருவார்கள். உடம்பு உருவான பிறகுதான் உள்ளே வங்குகளை, அதாவது விலாச்சட்டங்களை, பொருத்துவார்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் இரண்டு வாரமாக ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’ என்று ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வருகிறதே, அந்தக் ‘கலமறுத்தல்’. கலம் என்றால் கப்பல், தென்கேரளக் கரையில் நின்ற சேரர் கப்பல்களை அழித்தான் என்பது ஒரு கட்சி. சாலை என்பது கல்விச்சாலை, கலம் என்பது உண்கலம் என்பது இன்னொரு கட்சி. கல்வெட்டு அறிஞர்கள் இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “கப்பலை எரிப்பாங்க, உடைப்பாங்க, மூழ்கடிப்பாங்க. யாராவது அறுப்பாங்களா?”

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. எதை அறுக்கிறோம்? கயிற்றை அறுக்கிறோம். நூல் அறுகிறது, தாலி அறுகிறது, உறவு அறுகிறது. கட்டப்பட்டிருப்பதைத்தான் அறுக்க முடியும். ஆணி அடித்த கப்பலை அறுப்பது என்பது மரத்தை ரம்பத்தால் அறுப்பதுதான். தைத்த கப்பலை அப்படிச் செய்யவேண்டியதில்லை. துறையில் நிற்கும் கலத்தின் தையலில் ஒரு முழத்துக்குக் கத்தியை ஓட்டினால் போதும், பலகை வாய் பிளந்துவிடும். இது என் ஊகம்தான். உண்கலக் கட்சிக்காரர்கள் இதனால் மனம் மாறப்போவதில்லை, மாறவும் வேண்டாம். ஆனால் கப்பல் என்று கொண்டால், அந்த வினைச்சொல் அதன் கட்டுமானத்தோடு பொருந்திப்போகிறது என்பதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

தையல் கப்பல் என்பதை நான் கற்பனையில் சொல்லவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ் துறைமுகம் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இரும்பு ஆணி இல்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்த கப்பல்களைப் பார்த்துவிட்டு, இவற்றில் பயணம் போவது ஆபத்து என்று எழுதிவைத்தார். நம் சோழமண்டலக் கரையிலோ மசூலா படகு இருந்தது. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் கரைக்கு வந்தது அதில்தான். உள்ளே விலாச்சட்டமே கிடையாது. பலகைகள், கயிறு, இடுக்கில் திணித்த வைக்கோல், அவ்வளவுதான். விறைப்பான படகு அந்த அலையில் மணலில் மோதினால் உடைந்துபோகும். மசூலா வளைந்துகொடுக்கும். கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரிலேயே கட்டு இருக்கிறது.

எனக்குப் பத்து வயதில் நாங்கள் சென்னைக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தை ஒட்டிக் குடியிருந்தோம். கரைவலை போடும் பெரிய தையல் படகு ஒன்று மணலில் பக்கவாட்டில் சாய்த்துப் போடப்பட்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை பழைய கயிற்றைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தைப்பார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய்விடுவேன். உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு ஆள். வெளியே இருப்பவர் ஒரு கிழவர். பெயர் தெரியாது, எல்லாருக்கும் தாத்தா. உள்ளிருந்து கயிறு துளை வழியாக வரும். அவர் அதைக் கையில் ஒரு சுற்று சுற்றி, வலது பாதத்தைப் பலகையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுப்பார். கயிறு கிறீச்சிடும். அடுத்த கணமே ஒரு மர ஆப்பைத் துளையில் சொருகித் தட்டுவார், இழுத்த கயிறு பின்வாங்காமல் இருக்க. பிறகு அடுத்த துளை. அவருடைய உள்ளங்கையில் கயிறு ஓடும் இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. தொட்டுப் பார்த்திருக்கிறேன், காய்ந்த தோல் செருப்பு மாதிரி இருக்கும்.

ஒரு நாள் நச்சரித்துக் கேட்டு நானும் இழுத்தேன். மூன்று தையல். எனக்கு ஒரே பெருமை. தாத்தா குனிந்து விரலால் கயிற்றை நெம்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூன்றையும் பிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “இதுல நாலு வூட்டு ஆம்பளைங்க போவாங்கடா கண்ணு. நீ அழுவுறியேன்னு வுட முடியுமா?” சொல்லிவிட்டு என் கையைத் தன் கைக்குள் வைத்து, அதே மூன்று துளைகளையும் சேர்ந்து இழுத்தார். பிடி இறுகும் இடம் எது என்று அன்றைக்கு என் தோளுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் தெரியும். அந்த ஊரை விட்டு வந்த பிறகு அப்படி ஒரு படகை நான் பார்க்கவில்லை.

நான் ஏன் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். வரைபடம் இல்லையே என்று நீங்கள் வருந்துகிறீர்கள். தாத்தாவிடம் எந்த வரைபடம் இருந்தது? கடாரத்துக்குப் படை போனதைச் சொல்லும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்கிறது. பலகலம். அதற்கு மேல் நீளமில்லை, அகலமில்லை. சோழர் கப்பல் என்று சொல்லத்தக்க ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. உங்கள் நாவலாசிரியரிடம் அளவு கேட்பதில் அர்த்தமே இல்லை. அவர் கொடுத்தது ஒரு புறாவின் முகத்தை, அதன்பின் ஓடும் ஒரு உடம்பை. அந்த உடம்பைப் பலகைதான் தீர்மானிக்கவேண்டும். எவ்வளவு வளைகிறது, எங்கே வளைய மறுக்கிறது என்பதைப் பலகை உங்களுக்குச் சொல்லும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். அஜந்தாவில் 5-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் ஒரு கப்பல் இருக்கிறது. அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு, வேறு வரைபடம் எதுவும் இல்லாமல், முழுக் கப்பலையே தைத்துக் கட்டிவிட்டார்கள். கௌண்டின்யா என்று பெயர். 2023 செப்டம்பரில் ஏராக்கட்டை போட்டார்கள். பாபு சங்கரன் என்ற மூத்த கைவினைஞரின் தலைமையில் கேரளத்து ஆட்கள் தைத்தார்கள். பலகையை ஆவியில் வேகவைத்து வளைத்து, தென்னைநார்க் கயிறும் பிசினும் கொண்டு மூட்டினார்கள். 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அந்த ஆண்டின் கடைசியில் போர்பந்தரிலிருந்து கிளம்பி மஸ்கட் போய்ச் சேர்ந்தது. சுமார் 19.6 மீட்டர் நீளம். அதைக் கட்டுவதற்கு முன்னால் என்ன செய்தார்கள் தெரியுமா? மாதிரிக் கப்பல் ஒன்றைச் செய்து, சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையோடு சேர்ந்து அது தண்ணீரில் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதித்தார்கள். மாதிரி செய்வதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அதனால் நீளத்துக்கு 20 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். இது உண்மையில் கடலில் ஓடிக்காட்டிய அளவு. போர்க்கப்பல் இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்று உங்கள் மனசு அடம்பிடித்தால் 25. ஆனால் 1:100 வேண்டாம். அதில் ஒரு சென்டிமீட்டர் கயிறு 0.1 மில்லிமீட்டர் ஆகிவிடும், தைக்கவே முடியாது, தைத்ததுபோல் வரையத்தான் முடியும். 1:24 எடுங்கள். 20 மீட்டர் கப்பல் 83 சென்டிமீட்டர் வரும். நான்கு சென்டிமீட்டர் பலகை ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். துளைக்குத் துளை பத்து சென்டிமீட்டர் என்றால் உங்கள் மேசையில் நான்கு மில்லிமீட்டர், அது கண்ணுக்கும் கைக்கும் அடங்கும். முதல் சில வரிசைக்கு மட்டும் உள்ளே இரண்டு மூன்று அட்டை அச்சுகளைத் தாங்கலாக நிறுத்திக்கொள்ளுங்கள், உடம்பு நின்றதும் எடுத்துவிடலாம். சீவலை வெந்நீரில் ஊறப்போட்டு வளையுங்கள். மூட்டின் உட்புறம் நெடுக ஒரு பஞ்சுத் திரியை வைத்து அதன்மேல் குறுக்கும் மறுக்குமாகத் தையுங்கள். பசை வேண்டாம். பசை தொட்டால் நான் உங்களோடு பேசமாட்டேன்.

பின்பக்கம் நடுவில் சுக்கானைத் தொங்கவிடாதீர்கள். அஜந்தா ஓவியத்திலும் சரி, ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்களிலும் சரி, பக்கவாட்டில் பெரிய துடுப்புகளால்தான் திசை திருப்புகிறார்கள். புறாவின் தலையைக் கடைசியில் செய்யுங்கள். நீங்கள் அதையே முதலில் செதுக்கிவிட்டு, பிறகு அதற்கு ஏற்ற உடம்பைத் தேடித்தான் கடையில் போய் நின்றிருக்கிறீர்கள் என்று என் சந்தேகம். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், இரு பக்கப் பலகைகளும் வந்து கூடும் இடத்தில் ஒரு வளைவு உண்டாகும். அந்த வளைவிலிருந்துதான் கழுத்து எழவேண்டும்.

நூலுக்குத் தையல் கடைக்குப் போகவேண்டாம். பைண்டிங் செய்கிறவர்களிடம் கேட்டால் முறுக்கேறிய பருத்தி நூல் தருவார்கள். தேன்மெழுகில் இழுத்தால் அரை மில்லிமீட்டர் தடிமனில் கயிறு மாதிரியே நிற்கும். உங்கள் அப்பாவின் பைண்டை நடுப்பக்கத்தில் விரித்துப் பாருங்கள். அதே நூல்தான்.

முதல் மூன்று வரிசை முடிந்ததும் படம் அனுப்புங்கள், உட்புறம் தெரியும்படி. தொய்வு இருந்தால் பிரிக்கச் சொல்வேன்.