பல் பிடுங்கப் பயம்: குளிசையா, ஊசியா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. கடைவாய்ப் பல் இரண்டு பிடுங்க வேணும். கதிரையில் சாய்ந்ததுமே நடுங்குகிறா. டயசிபாம் குளிசை போதுமா, திருகோணமலைக்குக் கூட்டிப்போய் மிடசோலம் ஊசியோடு செய்விப்பதா? மோட்டார் சைக்கிளில் திரும்பலாமா? (மூதூர் வாசகர்)

பதில்: மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம். கிண்ணியா வருமுன்னரே அம்மா உங்கள் முதுகில் தூங்கிச் சரிவார். ஓட்டோ பிடியுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

இரண்டும் பதற்றத்தைத் தணித்து உறக்கம் தரும் ஒரே குடும்ப மருந்துகள்தான். ஆனால் டயசிபாமை விழுங்கிய பிறகு அளவைத் திருத்த முடியாது. ஒரு மணித்தியாலம் முன்பு 5 முதல் 10 மில்லிகிராம் என்பது இளையவர்களுக்கான கணக்கு, வயதானவர்களுக்குப் பாதி. விழுங்கியதில் பாதி உடலை விட்டுப் போகவே 20 முதல் 50 மணித்தியாலம் ஆகும், முதுமையில் இன்னும் கூட. மறுநாள் இரவு கழிப்பறைக்கு எழும்பி விழுந்து இடுப்பு முறிவதுதான் எனக்குள்ள பயம்.

மிடசோலத்தை இரத்த நாளத்தில் சிறிது சிறிதாக ஏற்றலாம். 60 தாண்டியவருக்கு முதலில் அரை முதல் 1 மில்லிகிராம். இரண்டு நிமிடமாவது பொறுத்து, இமை சரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. மொத்தம் பெரும்பாலும் 3.5ஐத் தாண்டாது. முதியவர்களில் மருந்து பிந்தித்தான் பிடிக்கும். பொறுமையில்லாமல் போடும் இரண்டாவது ஊசியே மூச்சை அடக்கிவிடும். அதனால் விரலில் மாட்டி இரத்தத்து ஒக்சிசனை அளக்கும் ஒக்சிமீட்டர், ஒக்சிசன், மிடசோலத்தை முறிக்கும் மருந்தான புளூமசெனில் மூன்றும் அங்கே உண்டா என்று கேளுங்கள். புளூமசெனிலின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், உறக்கம் திரும்ப வரலாம். கொடுத்தால் உடனே வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

மூக்கால் இழுக்கும், பயம் தணிக்கும் நைட்ரஸ் ஒக்சைட் வாயு கிடைத்தால் அது இன்னும் இலகு, சில நிமிடங்களில் தெளியும். மூக்கடைப்பு இருந்தால் பயனில்லை.

இவை எதுவும் வலியைப் போக்காது. விறைப்பு ஊசி எப்படியும் உண்டு, ஆனால் மிடசோலத்தில் அது பெரும்பாலும் நினைவில் நிற்காது. ‘பஞ்சைக் கடித்துக்கொண்டிருங்கோ’ என்று சொன்னதும் நிற்காது, ஆகவே அறிவுறுத்தல்களை நீங்கள் எழுதி வாங்குங்கள்.

பல் வீக்கத்துக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் எடுக்கிறாவா, பூஞ்சைக்கு புளுகொனசோல் எடுக்கிறாவா, குறட்டையில் மூச்சு நிற்கிறதா என்று முதலே சொல்லுங்கள். அந்த மருந்துகள் மிடசோலத்தை உடலில் தேக்கிவைக்கும். சாப்பாடு 6 மணித்தியாலம், வெறும் தண்ணீர் 2 மணித்தியாலம் முன்பே நிறுத்த வேண்டும். பால்தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். நீரிழிவு இருந்தால் அன்றைய குளிசையைப் பற்றிக் கேட்டு, வரிசையில் காலை முதல் இலக்கத்தை எடுங்கள்.

என் தெரிவு மிடசோலம். 24 மணித்தியாலம் அடுப்படிக்கு விடாதீர்கள், உறுதிப் பத்திரம் எதிலும் கையெழுத்து வாங்காதீர்கள்.