தினமும் கூடவே வைத்திருக்க மடங்காத சின்னக் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

மூன்று அங்குலத்துக்குள் அலகு, மடங்காத கத்தி, காலையிலிருந்து மாலைவரை உடம்போடு இருக்க வேண்டும், எந்த எஃகு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. எல்லாரும் எஃகில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முதலில் உறையைப் பாருங்கள். அப்புறம் பிடி, அப்புறம் அலகின் கனம். எஃகு நான்காவதாக வரட்டும்.

நீங்களும் என்னைப் போல அட்டைப்பெட்டி, நைலான் கயிறு, பிளாஸ்டிக் பட்டை என்று நாள் முழுக்க எதையாவது அறுக்கிற வேலையில் இருப்பவர் என்று நினைக்கிறேன். கடிதம் பிரிக்க மட்டும் என்றால் மடங்காத கத்தியைத் தேடியிருக்க மாட்டீர்கள்.

'கட்டர் போதாதா, கத்தி எதற்கு, யாரைக் குத்தப் போகிறாய்?' என்று கேட்க ஒருவர் நிச்சயம் வருவார். கட்டர் போதுகிறவர்கள் கட்டரே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் அந்தப் பிளேடை இறுக்கமான பட்டைக்கு அடியில் விட்டுத் திருப்பினால் துண்டு தெறிக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் ஒருமுறை தெறித்த பிறகு நான் அதைப் பட்டைக்குத் தொடுவதில்லை. தச்சரிடம் உளி இருக்கிறது, தையல்காரரிடம் கத்தரி இருக்கிறது. என்னிடம் கத்தி இருப்பதும் அதுபோலத்தான்.

நான் சரக்குக் கிடங்கில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் வைத்திருந்தது மடக்குக் கத்தி. அலகைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு மெல்லிய தகடு நகர்ந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும், அதுதான் பூட்டு. நல்ல கத்திதான். ஆனால் அட்டைத் தூசியும் சட்டைப்பைப் பஞ்சும் அந்தத் தகட்டின் பின்னால் சேர்ந்துகொண்டே இருந்தன. நான் சுத்தம் செய்யவில்லை, அது என் தவறு. ஒரு நாள் உள்ளங்கை மேலே பார்க்க, கத்தியின் வாயை மேல்நோக்கித் திருப்பி, ஒரு பட்டைக்கு அடியில் விட்டு இழுத்தேன். அலகின் முதுகு பெட்டி விளிம்பில் முட்டியது. பூட்டு நழுவியது. அலகு சுட்டுவிரலின் நடு மூட்டின் மேல் மடிந்து வந்து நின்றது. ரத்தம் உடனே வரவில்லை. அதற்கு முன்பு ஒரு நொடி, பிளந்த தோலுக்குள் வெள்ளையாகத் தெரிந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. நான்கு தையல். குளிர் நாட்களில் அந்த விரல் இன்றும் முழுசாக மடங்காது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். அதற்கு முன்பு இரண்டு வருடமாக வெட்டுத் தாங்கும் கையுறை கேட்டுக்கொண்டிருந்தோம். எழுதியும் கொடுத்தோம். வரவில்லை. என் விரல் கிழிந்த அன்று விபத்துப் பதிவேட்டில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று ஒரே வரி எழுதி, கட்டுப்போட்ட கையோடு என்னிடமே கையெழுத்து வாங்கினார்கள். கையுறை பற்றி அந்த வரியில் ஒரு சொல் இல்லை. தையல் போடப் போன நேரத்துக்கு அரை நாள் சம்பளத்தையும் பிடித்தார்கள். இப்போது இருப்பது வேறு இடம், இங்கே கையுறை கொடுக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றும் மனசு கொதிக்கிறது. உங்களுக்கு அப்படி ஒன்று நடந்தால், கேட்டும் கொடுக்காததை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, கத்திக்கு வருகிறேன். பூட்டே இல்லாத கத்தி வேண்டும் என்று முடிவு செய்து, இருப்பதிலேயே முரட்டுக் கத்தியாக ஒன்று வாங்கினேன். அலகின் முதுகு 5 மில்லிமீட்டர் கனம். தாளை அழகாக வெட்டும். தடித்த அட்டையில் இறங்கினால் பாதியில் சிக்கிக்கொள்ளும், ஏனென்றால் அது அறுக்கவில்லை, ஆப்பு மாதிரிப் பிளந்துகொண்டு போகிறது. குனிந்தால் வயிற்றில் குத்தும், உட்கார்ந்தால் நாற்காலியில் இடிக்கும். இரண்டு வாரத்தில் இழுப்பறைக்குப் போனது. கூடவே வைத்திருக்கத் தோன்றாத கத்தியில் எவ்வளவு உயர்ந்த எஃகு இருந்து என்ன?

மூன்றாவதாக வாங்கியதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 8 சென்டிமீட்டர் அலகு, இரண்டரை மில்லிமீட்டர் கனம். வெட்டுவதில் ஒரு குறையும் இல்லை. தோல் உறை, இறுக்கமாகத்தான் வந்தது. மாதங்கள் போகப் போக வியர்வையிலும் உரசலிலும் தோல் தளர்ந்தது. உருவ இலகுவாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் இலகுவானது என்று யோசிக்கவில்லை. ஒரு நாள் ஏணியில் நின்று பக்கவாட்டில் வளைந்து ஒரு பெட்டியை எட்டினேன். இடுப்பில் லேசாக ஒரு அசைவு. கீழே டங்கென்று சத்தம். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகாத பையன். அவன் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளிக் கத்தி விழுந்திருந்தது, சிமெண்ட் தரையில் பட்டு முனை ஒடிந்து. அவன் குனிந்து எடுத்து, பிடி என் பக்கம் இருக்கும்படி திருப்பி, "அண்ணே, உங்க கத்தி" என்று மேலே நீட்டினான். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கு ஏணியிலிருந்து இறங்கக் கால் வரவில்லை. என் விரல் கிழிந்தது என்னோடு போயிற்று. அந்த அலகு ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்திருந்தால்?

அதிலிருந்துதான் உறை முதலில் என்கிறேன். கைடெக்ஸ் உறை பாருங்கள். அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த பிளாஸ்டிக் தகடு அது. சூடாக்கி, அந்தந்தக் கத்தியின் மேலேயே அழுத்தி வடிவம் எடுப்பார்கள். கத்தி உள்ளே போனதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், கையிலும் தெரியும். வாங்கியதும் கத்தியை உறையில் போட்டு, கட்டிலுக்கு மேலே தலைகீழாகப் பிடித்துப் பத்துத் தடவை பலமாகக் குலுக்குங்கள். நகரக்கூடாது. அப்புறம் இடுப்பில் மாட்டிக்கொண்டு உட்காருங்கள், குந்துங்கள், குனிந்து தரையைத் தொடுங்கள். உருவும்போது கட்டைவிரலால் உறையின் விளிம்பைத் தள்ளி விடுவித்தால் கத்தி அமைதியாக வெளியே வர வேண்டும். வெடுக்கென்று பிய்த்து எடுக்க வேண்டியிருந்தால் அதுவும் ஆபத்துதான், கை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. திரும்ப வைக்கும்போது உறையைப் பார்த்தே வையுங்கள், எத்தனை வருடம் பழகியிருந்தாலும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். தூசி சேர்ந்தால் அலகில் கீறல் விழும், தட்டிச் சுத்தம் செய்தால் போதும்.

தோல் உறையை நான் பழிப்பதாக நினைக்க வேண்டாம். நல்ல கைவேலை பல வருடம் உழைக்கும். மாதம் ஒருமுறை தலைகீழாகக் குலுக்கிப் பார்க்கிறவருக்கு அது சரி. ஈரத்தை மட்டும் அது பிடித்து வைத்துக்கொள்ளும், சுலபமாகத் துருப்பிடிக்கும் கார்பன் ஸ்டீல் கத்தியை அதில் போட்டு மறந்துவிடக் கூடாது. கழுத்தில் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. இழுத்தால் தானாக அறுந்துவிடும் சங்கிலி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள், ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதுவும் வேண்டாம்.

பிடி விஷயத்தில் உங்கள் கைதான் அளவு. சின்னக் கத்திகளில் பலவற்றின் பிடியில் மூன்று விரல்தான் உட்காரும். பெட்டி பிரிக்க அது போதும். பலம் கொடுத்து இழுக்க வேண்டும் என்றால் நான்கு விரலும் உட்கார வேண்டும், விரல் வழுக்கி வாயின் மேல் போகாதபடி முன்னால் ஒரு தடுப்பு வேண்டும். எஸ்ஸி நிறுவனத்தின் இசுலா என்ற கத்தியில் பிடியே வெறும் எஃகுத் தகடுதான், நடுவில் குடைந்திருக்கும். எடை குறைவு, ஆனால் ஒரு மணி நேரம் அறுத்தால் உள்ளங்கை வலிக்கும். அதனால் பலர் அதில் கயிறு சுற்றிக்கொள்கிறார்கள். மோரா நிறுவனத்தின் எல்ட்ரிஸ் வேறு மாதிரி: 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அலகு, 2 மில்லிமீட்டர் கனம், கை நிறையும் உருண்ட பிடி. முன்னால் தடுப்பு கிடையாது, அதனால் முனையால் குத்தித் துளைக்கும் வேலைக்கு அதை எடுக்காதீர்கள்.

அலகின் கனம் 2 முதல் 3 மில்லிமீட்டர். அதற்கு மேல் வேண்டாம். விறகு பிளப்பதைக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துக் கனமான கத்தியை வாங்காதீர்கள், நீங்கள் அறுக்கப் போவது அட்டை.

கடைசியாக எஃகு. 1095 என்பது கிட்டத்தட்ட 0.95 சதவீதம் கார்பன் உள்ள எஃகு, துருவைத் தடுக்கும் குரோமியம் கிடையாது. தீட்டுவது சுலபம். ஆனால் வியர்வை பட்டுத் துடைக்காமல் விட்டால் மறுநாள் காலையில் பழுப்புப் புள்ளி தெரியும். 12சி27 என்ற ஸ்டெயின்லெஸில் குரோமியம் 13.5 சதவீதம் அளவில் இருக்கிறது, உடம்போடு ஒட்டியிருக்கும் கத்திக்கு என் ஓட்டு அதற்குத்தான். டி2 என்ற எஃகில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் துருப்பிடிக்கும், ஏனென்றால் அதில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்துவிடுகிறது. கூர் நீண்ட நேரம் நிற்கும், தீட்டத்தான் பொறுமை வேண்டும். 2021-இல் வந்த மேக்னாகட், துருவைத் தாங்குவதிலும் கூர் நிற்பதிலும் நல்ல எஃகு, கையில் பணம் இருந்தால் வாங்கலாம். எதை வாங்கினாலும் அட்டை அதை மழுங்கடிக்கும், தாளுக்குள் மண்ணும் தாதுப்பொடியும் இருக்கின்றன. வாரம் ஒருமுறை கல்லில் பக்கத்துக்கு 20 டிகிரி வைத்து ஐந்து நிமிடம் தீட்டி, பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு இழுத்தால் என் கத்திக்குப் போதுகிறது. தீட்டாத மேக்னாகட்டை விடத் தீட்டிய 12சி27 நன்றாக வெட்டும். எஃகுப் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இதைத் தினமும் கையில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

சட்டத்தையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள், மடங்காத கத்திக்குப் பல இடங்களில் தனி விதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூட்டில்லாத மடக்குக் கத்தி, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்குள் இருந்தால்தான் பொது இடத்தில் காரணம் இல்லாமல் வைத்திருக்கலாம். மடங்காதது எவ்வளவு சிறியதானாலும் தக்க காரணம் வேண்டும். நான் வேலை முடிந்ததும் கத்தியைக் கிடங்கிலேயே பூட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.

அந்தக் குலுக்கிப் பார்க்கும் சோதனையைக் கத்தி கைக்கு வந்த அன்றே செய்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்.