பேஸ்மென்ட் குளிருக்காக வாடகையை நிறுத்தலாமா?

கேள்வி: செப்டெம்பரில் கனடா வந்து, ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். ஹீட்டிங் வாடகைக்குள் அடக்கம். ஆனால் தெர்மோஸ்டாட் வீட்டுக்காரர் குடும்பம் இருக்கும் மேல்வீட்டில். அவர்கள் வேலைக்குப் போகும்போது குறைத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் வெப்பமானி 16, 17 பாகைதான் காட்டுகிறது. இரவு வேலை முடிந்து பகலில் படுக்கும் மனைவிக்கு நித்திரையே இல்லை. கேட்டால், “முதல் விண்டர் எல்லாருக்கும் இப்படித்தான், பழகிவிடும்” என்கிறார் வீட்டுக்காரர். வீடு பிடித்துத் தந்தவரோ, வாடகையை நிறுத்தினால் வழிக்கு வருவார் என்கிறார். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கும்போது, அந்த ஒரு காரியம் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். வாடகை வராத மறுநாளே வீட்டுக்காரர் என்4 அறிவித்தல் (வாடகை பாக்கிக்காக வெளியேறச் சொல்லும் படிவம்) தரலாம். அதன்பிறகு பேச்சு குளிரைப் பற்றி இருக்காது, நீங்கள் கட்டாத காசைப் பற்றித்தான் இருக்கும். இந்த யோசனையைச் சொன்னவர் அப்போது தொலைபேசியை எடுக்கமாட்டார்.

குளிருக்குப் பழகுவது வேறு, ஹீட்டிங் கிடைக்காமல் இருப்பது வேறு. வெளியே மைனஸ் 20 என்றால் பூட்ஸும் ஜக்கெட்டும் போட்டுப் பழகத்தான் வேண்டும். வீட்டுக்குள் பழகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகை வீட்டில் குறைந்தது 20 பாகை இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோ மாகாணத்தின் விதி. ஸ்காபரோவும் அடங்கிய ரொறன்ரோ நகரம் குளிர்கால மாதங்களில் கேட்பது 21. வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் நேரத்துக்கு இதில் விலக்கு இல்லை.

வெப்பமானியை யன்னலோரத்தில் வைத்துப் படம் எடுக்காதீர்கள். தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வைத்துப் பாருங்கள். நாளும் நேரமும் எழுதி, கூடவே படமும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி, மரியாதையாக. வாய்ப்பேச்சைப் பிறகு நிரூபிப்பது கடினம். இரண்டொரு நாளில் மாற்றமில்லையென்றால் நகரசபையின் 311 எண்ணை அழையுங்கள். நகரசபைப் பரிசோதகர் வந்து பார்ப்பார்.

வாடகைத் தகராறு மன்றத்துக்கு டி6 விண்ணப்பமும் (வீட்டுப் பராமரிப்புக் குறைகளுக்கான படிவம்) போடலாம். ஆனால் அங்கே உள்ள தாமதத்தை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2023 இல் மாகாணக் குறைகேள் அதிகாரியே இதைப் பற்றிக் கடுமையான அறிக்கை வெளியிட்டார். ஜனவரியில் நடுங்குகிறவருக்குக் கோடையில் விசாரணை வைத்து என்ன பயன்? இருந்தாலும் போடுங்கள். போன மாதங்களுக்கான வாடகைக் குறைப்பை அங்கேதான் கேட்கமுடியும்.

ஒன்றை மட்டும் இப்போதே சரிபாருங்கள். வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிரவேண்டும் என்ற ஏற்பாட்டில் இருப்பவர்களுக்கு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. வீட்டுக்காரர் மட்டுமல்ல, அதே வீட்டில் வசிக்கும் அவருடைய மனைவி, பிள்ளை, தாய் தகப்பனோடு பகிர்ந்தாலும் அப்படித்தான். தம்பியோ மச்சானோ என்றால் அந்த விலக்கு பொருந்தாது. துணி துவைக்கும் மெஷினைப் பகிர்வதும் கணக்கில்லை. நம்மவர் வீடுகளில் இது அடிக்கடி சிக்கலாகிறது: மேலே மணக்கும் என்று வீட்டுக்காரரின் அம்மா மீன் பொரிக்கக் கீழே இறங்கி வருவார். நல்ல மனுஷி, இரண்டு துண்டு உங்களுக்கும் தருவார். தகராறு வந்ததும் “குசினி பொதுதானே” என்று வாதம் கிளம்பும். குடிவந்தபோது என்ன பேசினீர்கள் என்பதுதான் இதில் முக்கியம். குசினி உங்களுக்கு மட்டும் என்று பேசியிருந்தால், அதை இன்றே ஒரு செய்தியில் எழுதி அனுப்பிவையுங்கள்.

“பேஸ்மென்ட் பதிவில்லாதது, முறைப்பாடு செய்தால் உனக்குத்தான் நட்டம்”, “இமிகிரேஷனுக்கு எழுதுவேன்” என்று மிரட்டல் வரலாம். பதிவில்லாத பேஸ்மென்டுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். உங்கள் விசாவுக்கும் ஹீட்டிங்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்களை வெளியேற்றுவதற்காக வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றவும் முடியாது.

காசாக வாடகை கொடுத்தால் ரசீது கேளுங்கள். கேட்டால் இலவசமாகத் தரவேண்டியது அவர் கடமை. படிவம் நிரப்பித் தருகிறேன் என்று ஒரு “கன்சல்டன்ட்” பணம் கேட்டால், அவருக்கு ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரைத் தட்டினால் அவர்களின் இணையத்தளத்திலேயே தெரியும். பெரும்பாலும் அந்தப் பணத்துக்கு அவசியமே வராது. சமூகச் சட்ட உதவி நிலையங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இதே வேலையை இலவசமாகச் செய்கின்றன.

பரிசோதகர் வரும்வரை சூட்டுக்காக காஸ் அடுப்பையோ ஓவனையோ எரியவிடாதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, பகலில் படுத்துறங்கும் உங்கள் மனைவிக்குத் தெரியவே தெரியாது. படுக்கையறைக்குப் பக்கத்தில் அதற்கான அலாரம் இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். மின் ஹீட்டர் வாங்கினால் நேரே சுவரில் செருகுங்கள், நீட்டுவயர் வேண்டாம்.