சீட்டில்லாத மாத்திரை: வாசகர் கேள்வி-பதில்

பாம்பன் வாசகர்: சளி, தொண்டை கரகரப்பு. அசித்ரோமைசின் மூன்று நாள் போடலாமா?

வேண்டாம். சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். மூச்சு வாங்கினாலோ வாரம் தாண்டினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

தொண்டி வாசகி: பிள்ளைக்குப் போன மாதம் கலக்கிய அமாக்ஸிசிலின் சிரப் மீதி இருக்கிறது. இப்போது கொடுக்கலாமா?

கூடாது. தண்ணீர் கலந்தபின் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம்தான் அதற்கு ஆயுள்.

மண்டபம் வாசகர்: கடலுக்குப் போகும்போது, கடைக்காரர் பிரித்துப் பொட்டலம் கட்டித் தரும் செட் மாத்திரை வாங்கிக்கொள்வோம். இரண்டு வேளையில் காய்ச்சல் போய்விடுகிறது. தவறா?

தவறுதான். இதை எத்தனை முறை எழுதுவது! அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது, நாளை உங்களைப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. பெரும்பாலும் பாராசிட்டமால், வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக். சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கும். காய்ச்சலைத் தணித்தது பாராசிட்டமால். வந்தது டெங்கு என்றால் அந்த வலி மாத்திரையே ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

தேவையில்லாமல் விழுங்கிய ஆன்டிபயாடிக் குடலிலுள்ள சாதுவான பாக்டீரியாக்களைக் கொல்கிறது. மருந்தைத் தாங்குபவை மிஞ்சிப் பெருகுகின்றன. தாங்கும் மரபணுவை மற்ற பாக்டீரியாக்களுக்கும் கொடுக்கின்றன. ஒரு காலத்தில் டைபாய்டை அடக்கிய சிப்ரோஃப்ளாக்சசின், இன்று நம் நாட்டில் பெரும்பாலான டைபாய்டு கிருமிகளிடம் எடுபடுவதில்லை. 2014 முதல் செஃபிக்ஸிம் போன்ற பல ஆன்டிபயாடிக்குகள், டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியலில் இருக்கின்றன. விற்பவர் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பிரித்துப் பொட்டலம் கட்டுபவர் எதை எழுதுவார்? அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். படகில் பாராசிட்டமாலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் போதும்.

ஏர்வாடி வாசகர்: திருக்கை முள் குத்தினால் என்ன மாத்திரை?

முதலில் மாத்திரை இல்லை. பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் ஒரு மணி நேரம்போல அமிழ்த்துங்கள், வலி குறையும். அப்புறம் டெட்டனஸ் ஊசி. ஆழமான காயமோ, சர்க்கரை, கல்லீரல் நோயோ இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்; ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை அவர் சொல்வார். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்திய முள்ளை நீங்களாகப் பிடுங்கக் கூடாது.

இறால் பண்ணைக்காரர்: வெள்ளைப்புள்ளி நோய்க்குக் குளத்தில் ஆன்டிபயாடிக் போடலாமா?

அதுவும் வைரஸ். பணமும் போகும், இறாலும் போகும். குளோராம்பெனிக்கால், நைட்ரோஃப்யூரான் இரண்டும் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. எச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பிவிடும்.

பெயரில்லாக் கடிதம்: ஏதோ மாத்திரை போட்டேன், உடம்பெல்லாம் தடிப்பு. என்ன செய்ய?

எந்த மாத்திரை, என்ன வயது, எதுவும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, அட்டையோடு டாக்டரிடம் போங்கள். முகம் வீங்கினால், மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.