ஒரே டேக், மூன்று இயங்குதளங்கள்: ரிலீஸ் நாள் வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பது எப்படி?

கேள்வி: பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் தட்டச்சு செய்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய மென்பொருள் ஒன்றைப் பைத்தானில் எழுதி, கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் என் உபுண்டு 24.04 மடிக்கணினியில் ஒருமுறை, அலுவலக விண்டோஸில் ஒருமுறை, நண்பரின் மேக்கைக் கடன் வாங்கி ஒருமுறை என்று, பைத்தான் நிரலைத் தனியாக ஓடும் கோப்பாகக் கட்டித்தரும் பைஇன்ஸ்டாலரை ஓட்டுகிறேன். அரை நாள் போய்விடுகிறது. டெபியன் 12 வைத்திருக்கும் ஒருவர் மென்பொருள் திறக்கவே இல்லை என்கிறார். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (சொன்ன வேலைகளைக் கிட்ஹப்பின் கணினிகளில் தானாக ஓட்டித்தரும் சேவை) முயன்று பார்த்தேன். விண்டோஸில் மட்டும் ‘சார்மேப்’ என்று ஏதோ பிழை வந்து நின்றுவிட்டது. என் கணினிகளில் அந்தப் பிழை வந்ததே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோ மொழியில் எழுதியிருந்தால், சி நூலகம் எதையும் தொடாதவரை, லினக்ஸில் உட்கார்ந்தபடியே விண்டோஸுக்கும் மேக்குக்கும் பில்ட் (பயனர் ஓட்டக்கூடிய கோப்பு) எடுத்துவிடலாம். பைஇன்ஸ்டாலரில் அது நடக்காது. எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்தக் கணினியின் பைத்தானையும் நூலகங்களையும் அள்ளி மூட்டை கட்டுவதுதான் அதன் வேலை. ஆகவே மூன்று இயங்குதளமும் வேண்டும் என்றால் மூன்று கணினி வேண்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தரும் ரன்னர்கள் அந்த மூன்று கணினிகள்தான். ரெப்போ (கிட்ஹப்பில் உங்கள் நிரல் இருக்கும் இடம்) பொதுவில் திறந்திருப்பதால் வழக்கமான ரன்னர்களுக்கு உங்களுக்குச் செலவு கிடையாது.

வொர்க்ஃப்ளோ (ரன்னர்கள் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று சொல்லும் கோப்பு) எழுதத் தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள்: நீங்கள் சோதித்த கோப்பும் மக்கள் இறக்கிக்கொள்ளும் கோப்பும் ஒரே கோப்பாக இருக்க வேண்டும். ஒரே நிரல் கோடிலிருந்து வந்தது என்பது போதாது, பைட்டுக்குப் பைட் அதே கோப்பு. பல வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு குழுவில் சோதனைக்கு ஒரு பில்ட், எல்லாம் சரி என்றதும் ரிலீஸுக்கு இன்னொரு பில்ட் என்று வைத்திருந்தோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலகம் புதுப் பதிப்புக்குப் போய்விட்டது. சோதனை எல்லாம் பச்சை; பயனருக்குப் போனது மட்டும் திறந்தவுடன் விழுந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது. அன்றிலிருந்து பில்ட் ஒருமுறைதான் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நூலகப் பதிப்புகளையும், அவற்றின் எண்களைக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் பூட்டி வையுங்கள்.

எனவே வொர்க்ஃப்ளோவை மூன்று கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டம் மூன்று இயங்குதளத்திலும் பில்ட் எடுத்து ஆர்டிஃபாக்டாக (அடுத்த கட்டம் எடுத்துக்கொள்ளக் கிட்ஹப்பில் சேமிக்கும் கோப்பாக) வைக்கும். இரண்டாம் கட்டம் அந்த ஆர்டிஃபாக்டைப் புதிய ரன்னரில் இறக்கி ஓட்டிப் பார்க்கும். மூன்றாவது எல்லாவற்றையும் சேர்த்து ரிலீஸில் ஏற்றும். முதல் இரண்டும் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் (நிரலைக் கிட்ஹப்பில் ஏற்றும்போதெல்லாம்) ஓடட்டும், மூன்றாவது கட்டம் நீங்கள் டேக் (பதிப்பைக் குறிக்கும் பெயர்) போட்டால் மட்டும். அப்போது ரிலீஸ் நாளில் புதிதாக எதுவும் நடக்காது; வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்ததுதான் அன்றும் ஓடும். மூன்று பில்ட் வேலைகளும் தனித்தனியே ரிலீஸில் ஏற்றும்படி எழுதிவிடாதீர்கள். மேக் பில்ட் விழுந்தால் விண்டோஸ் கோப்பு மட்டும் உள்ள அரைகுறை ரிலீஸ் வெளியே நிற்கும். ‘ஃபெயில்-ஃபாஸ்ட்’ என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒன்று விழுந்தவுடன் மற்ற இரண்டும் பாதியில் ரத்தாகி, அவற்றில் என்ன கோளாறு என்பது தெரியாமலே போகும்.

இப்போது உங்கள் சார்மேப் பிழைக்கு வருகிறேன். தமிழ் மென்பொருள் எழுதும் எல்லோரும் ஒருநாள் இதில் இடறுவார்கள். விண்டோஸில் பைத்தான் நேரடியாகக் கன்சோலில் (கட்டளைத் திரையில்) எழுதும்போது 3.6 முதல் யூனிகோடைப் பயன்படுத்துகிறது. அதனால்தான் அலுவலகக் கணினியில் தமிழ் ஒழுங்காக வந்தது. ரன்னரில் கன்சோல் கிடையாது. வெளியீடு ஒரு பைப் வழியாகப் பதிவுக்குப் போகிறது. பைப் என்றால் பைத்தான் கணினியின் பழைய குறியாக்கத்துக்குத் திரும்பிவிடும், ரன்னரில் அது சிபி1252. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான அந்த அட்டவணையில் ‘அ’வுக்கு இடமே இல்லை. ஆகவே சோதனையில் ஒரு தமிழ்ச் சொல்லை பிரிண்ட் செய்த இடத்திலேயே நிரல் நின்றது.

‘பைத்தான்யூடிஎஃப்8’ என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால் பிழை மறைந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். மறையும். ஆனால் அந்த மாறி ரன்னரில்தான் இருக்கும், பயனரின் கணினியில் இருக்காது. ஓப்பன் என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று நீங்களே குறிப்பிடுங்கள். மாற்று அட்டவணைக் கோப்பைப் படிக்கும் இடத்தில் இதை விட்டிருந்தால், உங்கள் லினக்ஸில் வேலை செய்யும் மென்பொருள் விண்டோஸ் பயனருக்குக் குப்பையாகத் தெரியும். ரன்னர் அந்தக் குறையைப் பயனருக்கு முன்பே உங்களுக்குக் காட்டியிருக்கிறது.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. விண்டோஸ் ரன்னரில் கிட், கோப்புகளை எடுக்கும்போது வரி முடிவுகளை விண்டோஸ் பாணிக்கு மாற்றிவிடும். எதிர்பார்க்கும் வெளியீட்டுக் கோப்போடு பைட் பைட்டாக ஒப்பிடும் சோதனை அங்கே மட்டும் விழும். கிட்-அட்ரிபியூட்ஸ் கோப்பில் வரி முடிவை எல்எஃப் (லினக்ஸ் பாணி) என்று நிலையாக்கிவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று ‘கொ’. ஒகரக் குறியை ஒரே யூனிகோடு புள்ளியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றுதான். ஆனால் கோப்பின் பெயரில் வந்தால் மேக் இரண்டையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் அவை வேறு வேறு. சோதனைக் கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருந்தால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

டெபியன் 12 பயனரின் புகாருக்குக் காரணம் ஜிலிப்சி. லினக்ஸின் அடிப்படை சி நூலகம் அது. பைஇன்ஸ்டாலர் எல்லாவற்றையும் மூட்டை கட்டும், இதை மட்டும் பயனரின் கணினியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று சொல்ல முடியாது. உங்கள் உபுண்டு 24.04-ல் இருப்பது 2.39. டெபியன் 12-ல் 2.36. அவரை டெர்மினலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ‘ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை’ என்பது போன்ற வரி வரும். ஆகவே லினக்ஸ் பில்டை எப்போதும் நீங்கள் ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய கணினியில் எடுக்க வேண்டும். வொர்க்ஃப்ளோவில் ‘உபுண்டு-லேட்டஸ்ட்’ என்று போடாமல் ‘உபுண்டு-22.04’ என்று போடுங்கள். அதில் 2.35 இருப்பதால் டெபியன் 12 உள்ளே வந்துவிடும். இன்னும் பின்னால் போக வேண்டுமானால் அதே ரன்னரில் டெபியன் 11 கண்டெய்னருக்குள் (தனியாகப் பிரித்து ஓட்டும் குட்டி லினக்ஸ் சூழலுக்குள்) பில்ட் எடுக்கலாம், அங்கே 2.31. ‘லேட்டஸ்ட்’ என்ற சொல்லை மூன்று இயங்குதளத்திலுமே தவிர்ப்பது நல்லது. ஒருநாள் நீங்கள் எதையும் தொடாமலே அது அடுத்த பதிப்புக்கு நகர்ந்துவிடும்.

சோதனைக் கட்டத்தில் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். பைஇன்ஸ்டாலர் கோப்புகளில் அடிக்கடி விடுபடுவது தரவுக் கோப்புகள். உங்கள் விஷயத்தில் அந்த மாற்று அட்டவணைகள். அவை இல்லாமலும் பதிப்பு எண் அழகாக வரும். ஜன்னலைத் திறக்காமல் ஒரு கோப்பை மாற்றித் தரும் கமாண்ட் லைன் வழி ஒன்றைச் சேருங்கள். ஒரு பக்கப் பாமினி உரையைக் கொடுத்து, வரும் யூனிகோடைச் சரியான விடையோடு ஒப்பிடுங்கள். லினக்ஸில் இதைப் பைத்தானே நிறுவாத வெறும் டெபியன் கண்டெய்னரில் ஓட்டுங்கள்.

இந்த இடத்தில் உங்களை ஒரு சின்ன விஷயம் திணற வைக்கும். ஆர்டிஃபாக்டாக ஏற்றி இறக்கினால் கோப்பின் இயக்க அனுமதி போய்விடும். லினக்ஸிலும் மேக்கிலும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வரும். சோதனையில் கைமுறையாக அனுமதி கொடுத்துச் சமாளிக்காதீர்கள், பயனருக்கும் அதே அனுமதியற்ற கோப்புதான் போகும். ஏற்றுமுன்பே டார் (கோப்புகளை ஒன்றாகக் கட்டும் பொதி) ஆக்கிவிடுங்கள், அனுமதி அதற்குள் பத்திரமாக இருக்கும்.

மேக்கில் இன்டெல், ஆப்பிள் சிலிக்கான் இரண்டுக்கும் தனித்தனி ரன்னரில் தனித்தனி கோப்பு எடுப்பதே சுலபம். இரண்டையும் ஒன்றாக்கும் யுனிவர்சல் கோப்புக்கு நீங்கள் பயன்படுத்தும் எல்லா நூலகமும் அதே வடிவில் வந்தாக வேண்டும், பாதி வராது. பெரிய தலைவலி, கோப்பை வெளியிட்டது யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம். ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்தில் வருடம் 99 டாலர் கட்டி, கையொப்பமிட்டு, நோட்டரைசேஷனுக்கு (ஆப்பிளின் தானியங்கிப் பரிசோதனைக்கு) அனுப்பினால்தான் எச்சரிக்கை இல்லாமல் திறக்கும். முன்பு கண்ட்ரோல்-கிளிக் செய்து திறக்கும் குறுக்குவழி இருந்தது. 2024-ல் வந்த மேக்ஓஎஸ் 15-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் போய்த்தான் அனுமதிக்க வேண்டும். விண்டோஸில் கையொப்பம் இல்லாவிட்டால் அதன் பாதுகாப்பு அமைப்பான ஸ்மார்ட்ஸ்கிரீன் மிரட்டும், ஆனால் ‘மோர் இன்ஃபோ’வை அழுத்தினால் வழிவிடும். விண்டோஸ் சான்றிதழின் சாவியை 2023 ஜூன் முதல் வன்பொருள் சாதனத்தில்தான் வைக்க வேண்டும் என்பதால், பழைய கட்டுரைகள் சொல்வதுபோல் சான்றிதழ் கோப்பை சீக்ரெட்டில் (கிட்ஹப்பின் ரகசியப் பெட்டகத்தில்) போடும் வழி புதிதாக வாங்குவோருக்கு இல்லை. மேகச் சேவை வழியாகத்தான் கையொப்பமிட வேண்டியிருக்கும். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் ஆப்பிளுக்கே கட்டுவேன். அங்கேதான் கணினி அனுபவம் குறைந்த பயனர் வழி தெரியாமல் திரும்பிப் போகிறார்.

சில்லறை விஷயங்கள் சில. பைத்தான் பதிப்பை யாமல் கோப்பில் (வொர்க்ஃப்ளோவை எழுதும் கோப்பில்) மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள், வெறுமனே 3.10 என்றால் அது 3.1 ஆகிவிடும். டேக்கிலிருந்து பதிப்பு எண்ணை எடுக்கிறீர்கள் என்றால் செக்அவுட்டில் (நிரலை ரன்னரில் இறக்கும் படியில்) முழு வரலாற்றையும் கேளுங்கள், இயல்பாக அது கடைசி கமிட்டை (கடைசியாகப் பதிந்த மாற்றத்தை) மட்டுமே கொண்டுவரும். ஒரு வொர்க்ஃப்ளோ கிட்ஹப்பின் இயல்பு டோக்கனை (அனுமதிச் சாவியை) கொண்டு டேக் போட்டால், அந்த டேக் இன்னொரு வொர்க்ஃப்ளோவைத் தட்டி எழுப்பாது. டேக்கை நீங்களே போடுங்கள்.

பிறர் எழுதிய ஆக்‌ஷன்களில் (வொர்க்ஃப்ளோவில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்களில்) கவனம் வேண்டும். 2025 மார்ச்சில் ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ்’ என்ற கணக்கின் பிரபலமான ஒரு ஆக்‌ஷனைக் கைப்பற்றியவர்கள், அதன் பழைய டேக்குகளையெல்லாம் தீய கோடு ஒன்றை நோக்கித் திருப்பினார்கள். அதை ஓட்டிய ரெப்போக்களின் சீக்ரெட்டுகள் பதிவுகளில் கொட்டின. 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அந்த ஆக்‌ஷனைப் பயன்படுத்தி வந்தன. அதனால் டேக் பெயரை நம்பாமல் முழு கமிட் எண்ணைக் கொடுத்துப் பூட்டுங்கள். எழுதும் அனுமதியும் கையொப்பச் சாவியும் மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் கிடைக்கட்டும்.

அந்த மூன்றாம் கட்டம் ரிலீஸை டிராஃப்டாக மட்டும் உருவாக்கட்டும், எஸ்எச்ஏ-256 பட்டியலோடு (இறக்கிய கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்கள்). வெளியிடும் பொத்தானை நீங்கள் அழுத்துங்கள். அதையும் தானியங்கியாக்கச் சொல்பவர்கள் உண்டு. தனி ஆளாக ஒரு மென்பொருளைப் பார்த்துக்கொள்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதனால் நண்பரின் மேக் இன்னும் தேவைப்படும், ஆனால் பத்து நிமிடத்துக்கு மட்டும். பிரவுசர் வழியாக இறக்கிய கோப்புக்குத்தான் மேக் ‘குவாரண்டைன்’ முத்திரை குத்தும். ரன்னருக்குள் நகரும் கோப்புக்கு அந்த முத்திரை கிடையாது, எனவே மேக்கின் காவல் அமைப்பான கேட்கீப்பரின் எச்சரிக்கை அங்கே வராது. சோதனை பச்சையாகவே இருக்கும். டிராஃப்டில் உள்ள கோப்பை நண்பரின் மேக்கில் சஃபாரி வழியாக இறக்கி, இரட்டைக் கிளிக் செய்து, ஒரு பாமினி கோப்பை மாற்றிப் பாருங்கள். திறந்தால், அங்கிருந்தபடியே வெளியிட்டுவிடலாம்.