வண்டி நின்ற இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நீங்கள் பயணங்களைப் பற்றி எழுதுவதை விடாமல் வாசிப்பவன். போன மாதம் கல்லூரி நண்பர்கள் குடும்பத்தோடு 15 பேர் திருப்பூரிலிருந்து வால்பாறைக்கு வேனில் கிளம்பினோம். 12 சீட் வண்டிதான், நெருக்கி உட்கார்ந்துகொண்டோம். விடியற்காலை 4 மணிக்குப் புறப்பாடு. டிரைவர் முந்தின ராத்திரிதான் திருப்பதி டிரிப் முடித்து வந்தவர், கொட்டாவி விட்டுக்கொண்டே ஓட்டினார். மலையேறி மூன்றாவது வளைவு தாண்டியதும் தீய்ந்த வாடை. கிளட்ச் போச்சு என்றார். எப்படியோ ஆழியாறு வரை வண்டியை இறக்கிவிட்டார். பொள்ளாச்சியிலிருந்து மெக்கானிக் வந்து சரிசெய்து முடிக்க மாலை 5 மணி. ரிசார்ட்டுக்குக் கட்டிய பணம் போயே போச்சு. ஆனால் அன்று முழுக்க அணைப் பக்கம் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, மீன் வறுவல் தின்று, ஆற்றில் குளித்து, சீட்டாடி, பழைய கதை பேசி... அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. வாடகையில் 2000 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தோம். பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்ட பயணம் எதுவும் இப்படி இனிக்கவில்லையே, ஏன்? இனிமேல் திட்டமே போடாமல் கிளம்பினால் என்ன? தை மாதம் மறுபடியும் போகிறோம்.

ர., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

வாசித்துவிட்டுச் சிரித்தேன். அந்த ஜமுக்காளத்தில் எனக்கும் ஓர் ஓரம் கிடைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது. ஆழியாற்று மீன் கடைகளில் சிவக்கச் சிவக்க மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பார்கள், நாம் கைகாட்டும் துண்டை எண்ணெயில் போட்டு எடுத்து வெங்காயத்தோடு நீட்டுவார்கள். அதைத் தின்றபடி பழைய சிநேகிதர்களோடு உட்கார்ந்தால் யாருக்குத்தான் இனிக்காது?

திட்டம் போடாமல் போனால் ரூம் கிடைக்காது, அவ்வளவுதான். ரிசார்ட் பணத்துக்கு ஒப்பாரி வைக்க எனக்கு நேரமில்லை. ஆற்றில் இறங்கியதற்கு மட்டும் உங்களுக்கெல்லாம் முதுகில் நாலு வைக்க வேண்டும், அதுவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு. மேலே சாதுவாகத் தெரியும், ஆழமும் இழுப்பும் வெளியே தெரியாது. அங்கே உயிர் போன செய்தியைப் பேப்பரில் நீங்களும் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த 2000 ரூபாய். மீனுக்கும் சீட்டுக்கும் நடுவே அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள், எனக்கு அதற்குமேல் கடிதம் ஓடவில்லை.

12 பேர் போகிற வண்டியில் 15 பேர், மூட்டை முடிச்சு, கட்டாயம் ஏசியும் போட்டிருப்பீர்கள். ஏற்றத்தில் முன்னால் ஒரு பஸ் ஊர்ந்தால் பின்னால் வருகிறவன் அரை கிளட்சில்தான் தொங்க வேண்டும், பிளேட் தேயாமல் என்ன செய்யும்? சரி, கிளட்ச் போச்சு. வண்டி அங்கேயே நின்றிருந்தால் நீங்கள் 15 பேரும் காட்டுப் பாதையோரம் குரங்குகளுக்கு நடுவே பிஸ்கட் பாக்கெட்டை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இந்தக் கடிதமும் வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த மனிதர் வண்டியைத் திருப்பிக் கீழே கொண்டுவந்தார். "எப்படியோ" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே, அந்த எப்படியோவை நான் சொல்கிறேன். கிளட்ச் வழுக்கினால் இறக்கத்தில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, முழுக்க பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தால் பிரேக்கும் சூடேறிக் கைவிடும், விட்டு விட்டு அழுத்த வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு, பின்னால் உங்கள் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, அதைச் செய்திருக்கிறார். இறக்கி, தண்ணீரும் நிழலும் மீன் கடையும் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். உங்கள் இனிய நாள் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம் பகல் முழுக்க அவர் எங்கே இருந்தார்? கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமென்றால் கியர் பாக்ஸைக் கழற்றி இறக்க வேண்டும். மெக்கானிக் ஒருவரால் அந்தக் கனத்தைத் தாங்க முடியாது, கூட ஒருவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவருக்கு ஒரு துண்டு மீன் போனதா தம்பி? கடிதத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை.

என் மாமா, அம்மாவின் தம்பி, உடுமலையில் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். கார்த்திகை, மார்கழி முழுக்க சபரிமலை டிரிப்தான். ஒரு பார்ட்டியை இறக்கிவிட்டுக் குளித்து அடுத்த பார்ட்டியை ஏற்றுவார். எரிமேலி, பம்பை எல்லாம் அவருக்குப் பார்க்கிங் இடங்களாகத்தான் தெரியும். முன் சீட்டில் உடம்பை மடக்கி, காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, டேஷ்போர்டில் கொசுவர்த்தி ஏற்றி வைத்துத் தூங்குவார். ஹைவே ஓட்டல்களில் வண்டி கொண்டுவருகிற டிரைவருக்குச் சாப்பாடு ஓசி, பின்கட்டில் தனி மேசை. "ஓசிதான், ஆனா குழம்பு நேத்து வச்சது" என்பார். ஒருமுறை குமுளிக்குக் கீழே வண்டி நின்று, பார்ட்டி அங்கே ஒரு தோப்பில் பொங்கித் தின்று பஜனை பாடி சந்தோஷமாக இருந்துவிட்டு, ஊர் திரும்பியதும் வாடகையில் பிடித்துக்கொண்டார்கள். ஓனர் அதை மாமாவின் சம்பளத்தில் பிடித்தார். அத்தை அந்த மாதம் பால் வாங்குவதை நிறுத்தினாள். கடுங்காப்பியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, "சாமி பாட்டு நல்லாப் பாடினாங்களா?" என்று மட்டும் கேட்டாள், மாமா பதிலே சொல்லவில்லை.

டிரைவரை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, 5 மணி நேரத்துக்கு மேல் போனால் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். விடுதிகளில் டிரைவர்கள் படுக்க இடம் வேண்டும் என்று தமிழக அரசு 2023-ல் கட்டட விதியையே திருத்தியது. நாம் ரூம் போடும்போது தலையை எண்ணுகிறோமே, அதில் அவரைச் சேர்க்கிறோமா? திருப்பதியிலிருந்து ராத்திரி வந்தவரை விடியற்காலை 4 மணிக்கு எழுப்பியது ஓனர்தான், ஒத்துக்கொள்கிறேன். கொட்டாவியைப் பார்த்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தது நீங்கள்.

தை மாதம் போங்கள், நன்றாகப் போங்கள். ஆளுக்கேற்ற வண்டி எடுங்கள். வால்பாறை ஏறுகிற 40 வளைவில் ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்கிற காட்சிமுனை இருக்கிறது, அதையொட்டிய பாறைகளில் வரையாடு நின்றால் பார்க்கலாம், பிஸ்கட்டை நீட்டாமல் பாருங்கள். அங்கே டிரைவரும் இறங்கி டீ குடிக்கட்டும்.

பழைய டிரைவரின் நம்பர் உங்கள் போனில் இருக்கும். ஓனருக்கு அனுப்பினால் போய்ச் சேராது, அவருக்கே நேராக அந்த 2000-ஐ ஜிபே பண்ணுங்கள். பேட்டா கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லையென்றால் அதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா