உப்பில் விழுந்த ஈஸ்ட்: கேள்வி பதில்

கேள்வி: வளர்ப்பு ஊடகத்தில் உப்பு கூடினால் ஈஸ்ட் செல்லுக்கு முதலில் என்ன ஆகும்?

பதில்: ஒரே நேரத்தில் இரண்டு தொல்லை. தண்ணீர் வெளியேறி செல் சுருங்கும். சோடியம் உள்ளே புகுந்து நச்சாகும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சுருக்கத்தைக் கவனிப்பது ஹாக்1 கைனேஸ், அதாவது மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் ஒரு நொதி. கிளிசரால் தயாரிக்க உதவும் ஜிபிடி1 மரபணுவை அது முடுக்கிவிடும். கிளிசரால் சேரச் சேரத் தண்ணீர் திரும்ப உள்ளே வரும்.

கேள்வி: அப்படியானால் சோடியத்தை வெளியே தள்ளுவது எது?

பதில்: இஎன்ஏ1 மரபணு தரும் பம்ப். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து ஓடும் பம்ப் அது. அதனால் தேவை இல்லாதபோது அந்த மரபணு பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். உப்பு பட்டதும் செல்லுக்குள் கால்சியம் உயர்ந்து கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்பும். கால்சிநியூரின், சிஆர்இசட்1 என்ற புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டுகளைக் கழற்றும். உடனே சிஆர்இசட்1 உட்கருவுக்குள் போய் இஎன்ஏ1-இன் புரமோட்டரில், அதாவது மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதியில், உட்காரும். சிஆர்இசட்1-இல் பச்சை ஒளிர்புரதத்தை ஒட்டி, கால்சியம் சேர்த்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். செல் முழுக்கப் பரவியிருந்த பச்சை சில நிமிடங்களில் உட்கருவில் திரண்டுவிடும். எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அது.

இந்த ஒரு மரபணுவைப் பிடித்திருக்கும் கைகள் பல. ஸ்கோ1 என்ற அடக்கியின் பிடியை ஹாக்1 தளர்த்தும். குளுக்கோஸ் தாராளமாக இருந்தால் மிக்1 என்ற இன்னொரு அடக்கி மரபணுவை அடக்கி வைக்கும். ஊடகத்தில் காரத்தன்மை கூடினாலும் மரபணு விழித்துக்கொள்ளும்.

கேள்வி: மரபணு மாறிய பிறழ்வுச் செல்களைச் சோதிக்க, உப்புக்குப் பதில் லித்தியம் குளோரைடு போடச் சொல்கிறார் என் வழிகாட்டி. ஏன்?

பதில்: சரியாகத்தான் சொல்கிறார். லித்தியமும் அதே பம்ப் வழியாகத்தான் வெளியேறும். ஆனால் மிகக் குறைந்த செறிவிலேயே நச்சாகும். அந்தச் செறிவில் தண்ணீர் இழப்பு குறுக்கே வராது. கூடவே சார்பிட்டால் கலந்த வளர்ப்புத் தட்டு ஒன்றும் வையுங்கள்; சார்பிட்டால் தண்ணீரை மட்டும் இழுக்கும், அயனி நச்சு தராது. அதில் நன்றாக வளர்ந்து லித்தியத் தட்டில் மட்டும் தடுமாறினால், கோளாறு அயனிப் பக்கம்.

கேள்வி: இரும்பு, துத்தநாகத்துக்கும் இதே வழிதானா?

பதில்: இல்லை, ஒவ்வொன்றுக்கும் மரபணுக்களை முடுக்கும் தனிப் புரதம் உண்டு. இரும்பு குறைந்தால் ஆஃப்ட்1, துத்தநாகம் குறைந்தால் ஜாப்1.

கேள்வி: என் பிறழ்வுச் செல்லில் இரும்புப் பஞ்சம் தெரிகிறது. ஆனால் ஊடகத்தில் இரும்பு போதுமான அளவு இருக்கிறதே?

பதில்: செம்பைப் பாருங்கள். இரும்பை உள்ளே எடுக்கும் ஃபெட்3 நொதிக்குச் செம்பு இல்லாமல் வேலை ஓடாது. ஊடகத்தில் கொஞ்சம் செம்பு கூட்டியதும் செல் தேறிவிட்டால், பிறழ்வு செம்பு வரும் வழியில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.